மேத் டீமில் சேருவது முதல் மீட் முடிந்து வீடு திரும்புவது வரை: அமெரிக்க ஹைஸ்கூல் மாணவர்களுக்கு முழு வழிகாட்டி

பள்ளி அணிகளுக்கு இடையே நடக்கும் கணக்குப் போட்டியை இங்கே மீட் என்பார்கள். முதல் மீட் முடிந்து காரில் ஏறிய மகளிடம் "எவ்வளவு?" என்று கேட்டேன். "நாலு" என்றாள். "எத்தனைக்கு?" "பதினெட்டுக்கு." ஊரில் கணக்கில் செண்டம் வாங்காத நாட்களில் என் அப்பா கேட்ட அதே கேள்வி என் வாயிலிருந்தும் வந்துவிட்டது: "மீதி பதினாலு எங்கே போச்சு?" வீடு வரும் வரை அவள் பேசவில்லை. மறுநாள் கோச் அனுப்பிய பட்டியலைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் அந்த நாலுதான் அதிகம்.

அதன் பிறகு நான்கு வருடம் பாஸ்டன் புறநகரில் இந்த மீட்களுக்கு டிரைவராகவும், அறைக் கண்காணிப்பாளராகவும், விடைத்தாள் திருத்துபவராகவும் போய்வந்திருக்கிறேன். நான் கணிதம் படித்தவன் அல்ல. ஆனால் எந்தப் பிள்ளைகள் இதில் நிலைக்கிறார்கள், யார் இரண்டாவது மீட்டோடு நின்றுவிடுகிறார்கள் என்பதைப் பின்வரிசையில் உட்கார்ந்து நிறையப் பார்த்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் நுழையும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம், முக்கியமாக "மீதி எங்கே" என்று கேட்கும் என் ரகத்துப் பெற்றோர்.

முதலில், இது என்ன வகை விளையாட்டு

மேத் டீம் டியூஷன் அல்ல. பள்ளியின் கூடைப்பந்து அணி மாதிரிதான். ஒரு கோச் இருப்பார், பெரும்பாலும் பள்ளியின் கணக்கு ஆசிரியர். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி முடிந்ததும் பிராக்டிஸ். பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்த லீக் ஒன்று இருக்கும். இலையுதிர் காலத்தில் தொடங்கி மார்ச் வாக்கில் முடிகிற சீசனில் மாதத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் மீட்கள் நடக்கும்.

இதோடு, தேசிய அளவில் தனித்தனியாக எழுதும் ஏஎம்சி போன்ற தேர்வுகளும் ஓடும். இரண்டும் வேறு வேறு என்றாலும் எழுதுவது ஒரே கூட்டம்தான், பயிற்சியும் ஒன்றுதான்.

நம் வீடுகளில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: பையன் பத்தாம் வகுப்பிலேயே கால்குலஸ் படித்துவிட்டான், அதனால் போட்டியில் பின்னி எடுப்பான் என்று. பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதும் ஏஎம்சி 12 தேர்வில்கூடக் கால்குலஸே கிடையாது. கேள்விகள் வருவது இயற்கணிதம், வடிவியல், எண்ணியல், எண்ணிக்கையும் நிகழ்தகவும் என்ற நான்கு மூலைகளிலிருந்து. இதில் கடைசி இரண்டையும் அமெரிக்கப் பள்ளிப் பாடத்திட்டம் தொட்டும் தொடாமலும் போய்விடும். அதனால் வகுப்பில் இரண்டு வருடம் முன்னால் ஓடும் பிள்ளைகூட முதல் பிராக்டிஸில் திருதிருவென்று விழிக்கும். விழிப்பது சகஜம்.

படி 1: அணியைக் கண்டுபிடியுங்கள்

செப்டம்பரில் நடக்கும் கிளப் ஃபேரில் மேத் டீம், மேத் கிளப் அல்லது மூ ஆல்ஃபா தீட்டா என்று ஏதோ ஒரு பெயரில் ஒரு மேசை இருக்கும். கடைசியாகச் சொன்னது 1957-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரீ தம்பதியர் தொடங்கிய கணித மாணவர் அமைப்பு. ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் போட்டி உலகமே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது.

மேசை கண்ணில் படவில்லையா? உங்கள் கணக்கு ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள், இல்லை நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த லீக்கில் ஆடுகிறீர்கள், பிராக்டிஸ் என்றைக்கு, தேர்வு வைத்து எடுப்பீர்களா என்ற மூன்று கேள்வி போதும். மாணவரே எழுத வேண்டும். அப்பா அம்மாவிடமிருந்து "என் மகன் கணக்கில் புலி" என்று வரும் மின்னஞ்சலைப் பார்த்தால் கோச் முகம் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் அணியே இல்லை என்றால் நீங்களே ஆரம்பிக்கலாம். ஓர் ஆசிரியர் சம்மதிக்க வேண்டும், நான்கைந்து நண்பர்கள் வேண்டும், ஒரு காலி வகுப்பறை வேண்டும். முதல் வருடமே லீக்கில் சேர வேண்டியதில்லை. பர்ப்பிள் காமட் என்ற இணையவழிப் போட்டி வசந்த காலத்தில் நடக்கிறது. கட்டணம் இல்லை. ஒரு அணியில் ஆறு பேர் வரை சேரலாம், பொறுப்பாக ஒரு பெரியவர் இருந்தால் போதும். ஹைஸ்கூல் பிரிவில் 90 நிமிடத்தில் 30 கணக்கு. அமெரிக்காவுக்கு வெளியில் இருந்தும் அணிகள் எழுதுகின்றன, எனவே மதுரையில் இருக்கும் அண்ணன் மகளும் தன் பள்ளியில் ஒரு அணி சேர்த்து எழுதலாம். மேத் லீக் என்ற போட்டியும் புதிய அணிக்குச் சுலபம். உங்கள் பள்ளியிலேயே உட்கார்ந்து 30 நிமிடத்தில் 6 கணக்கு, வருடத்துக்கு ஆறு முறை. பள்ளியின் முதல் ஐந்து மதிப்பெண்களைக் கூட்டினால் அணியின் மதிப்பெண்.

படி 2: மூன்றாவது பிராக்டிஸ் வரை போங்கள்

பெரும்பாலான அணிகள் வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும். மீட்டில் யாருடைய மதிப்பெண் பள்ளிக் கணக்கில் சேரும் என்பதற்குத்தான் போட்டி. மற்றவர்கள் ஆல்டர்னேட். ஆல்டர்னேட் என்றால் உப்புக்குச் சப்பாணி என்று நினைக்க வேண்டாம். அவர்களும் அதே தாளை எழுதுவார்கள், சில லீக்குகளில் தனிநபர் பட்டியலிலும் பெயர் வரும். ஜனவரியில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அணியில் நிற்கப்போவதும் அவர்கள்தான்.

முதல் பிராக்டிஸ் வேதனையாக இருக்கும். கோச் கேள்வியைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர் விடையைச் சொல்லிவிடுவார். அவருக்கு மூளை வேகம் என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்தக் கணக்கின் அண்ணன் தம்பிகளை அவர் முன்பே இருபது முறை பார்த்திருக்கிறார். இது மூன்றாவது பிராக்டிஸில் உங்களுக்கே புரியும். அதுவரைக்குமாவது போங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்று. அறையில் நீங்கள் ஒருத்தியாகவோ இருவராகவோ இருக்க வாய்ப்புண்டு. என் மகள் முதல் வருடம் வாயே திறக்காமல் விடையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வேறு ஒருவன் சொன்ன பிறகு "எனக்கும் அதுதான் வந்தது" என்று வீட்டில் வந்து சொல்வாள். எம்ஐடியில் இலையுதிர் காலத்தில் நடக்கும் மேத் பிரைஸ் ஃபார் கேர்ள்ஸ் என்ற போட்டிக்கு ஏஎம்சி மதிப்பெண்ணை வைத்து அழைக்கிறார்கள். 150 நிமிடம், 20 கணக்கு. அங்கே ஒருமுறை போய் அரங்கம் நிறையப் பெண் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இவள் வாய் திறந்தாள்.

படி 3: வீட்டில் எப்படிப் பழகுவது

பள்ளிக் கணக்குக்கும் போட்டிக் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே உதாரணத்தில் சொல்லிவிடலாம். ஓர் எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 3 வருகிறது. அந்த எண்ணின் கனத்தையும் தலைகீழியின் கனத்தையும் கூட்டினால் என்ன வரும்?

பள்ளியில் பழகிய கை உடனே இருபடிச் சமன்பாடு போடும். 5-இன் வர்க்கமூலம் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை மும்மடி ஆக்க வேண்டும், பிறகு தலைகீழி, மறுபடி மும்மடி. விடை வரும், ஆனால் ஐந்து நிமிடம் போயிருக்கும். போட்டியில் பழகிய கை அந்த எண் என்ன என்று தேடவே தேடாது. இரண்டும் சேர்ந்து 3, இரண்டையும் பெருக்கினால் 1. கூட்டுத்தொகையின் கனம் 27. அதில் இரண்டு கனங்களும் இருக்கின்றன, கூடவே பெருக்கற்பலனையும் கூட்டுத்தொகையையும் பெருக்கி மூன்று மடங்காக்கிய 9 இருக்கிறது. 27-இல் 9 போனால் 18. முடிந்தது, முப்பது விநாடி.

அதாவது கேட்டதை மட்டும் கண்டுபிடிப்பது. இந்தப் பழக்கம் பழைய வினாத்தாள்களைப் போட்டுப் போட்டுத்தான் வரும். ஆர்ட் ஆஃப் பிராப்ளம் சால்விங் தளத்தின் விக்கியில் பழைய ஏஎம்சி தாள்கள் விடை விளக்கத்தோடு கிடைக்கின்றன. அதே தளத்தில் அல்கியூமஸ் என்ற பயிற்சிப் பகுதியும் இலவசம். காசு கொடுத்து வகுப்பில் சேர்வதை அடுத்த வருடம் யோசித்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் வேலை செய்த முறை இது. வாரத்துக்கு ஒரு பழைய தாள், கடிகாரம் வைத்து. முடிந்ததும் விடையைப் பார்க்கக் கூடாது. விட்டுப்போன கணக்குகளில் இரண்டை மட்டும் எடுத்து, அந்த வாரம் முழுக்க மனதில் போட்டு உருட்ட வேண்டும், பல் தேய்க்கும்போதும் பஸ்ஸிலும். சனிக்கிழமைதான் விளக்கத்தைப் படிக்கலாம். படித்ததும் ஒரு நோட்டில் ஒரே வரி: எந்த இடத்தில் மாட்டினேன். "வட்டத்துக்கு வெளியே புள்ளி இருந்தால் தொடுகோடு வரைந்து பார்" என்கிற மாதிரி. மகளின் நோட்டில் நான்கு வருடத்தில் நூற்றுச் சொச்சம் வரிகள்தான் சேர்ந்தன. அவள் அணித் தேர்வுக்கு முதல் நாள் படித்தது அதை மட்டும்தான்.

கூமான் என்ற டியூஷன் மையங்களில் பழகும், ஒரே நாளில் ஐம்பது கணக்கு போடும் வேகம் இங்கே உதவாது. அது கூட்டல் பெருக்கலில் கையைத் தேற்றிக் கொடுத்திருக்கும், அந்த மட்டில் நல்லது.

படி 4: உங்கள் லீக்கின் விதியைக் கரைத்துக் குடியுங்கள்

ஒவ்வொரு லீக்குக்கும் ஒரு வடிவம். மாசச்சூசெட்ஸ் பக்கம் நான் அதிகம் பார்த்தது இப்படி: சுற்றுக்கு மூன்று கணக்கு, பத்து நிமிடம். முதல் கணக்குக்கு 1 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 3. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தலைப்பு, அதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஒரு மாணவர் மூன்று சுற்றில் கலந்துகொள்ளலாம். ஆக, அதிகபட்சம் 18. மகளின் "பதினெட்டுக்கு நாலு" இப்படி வந்ததுதான். கடைசியில் அணிச் சுற்று, அதில் மட்டும் கூடிப் பேசலாம்.

எண்ணியல் சுற்று ஒன்று எப்படி இருக்கும் என்று காட்ட நானே மூன்று கணக்கு கட்டியிருக்கிறேன்.

ஒரு புள்ளி: 360-க்கு எத்தனை வகுத்திகள்?

இரண்டு புள்ளி: 7-ஐ 2026 முறை பெருக்கினால் வரும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்ன?

மூன்று புள்ளி: ஓர் எண்ணின் ஃபேக்டோரியல், அதாவது 1-இலிருந்து அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி வருவது, சரியாக 25 பூஜ்ஜியத்தில் முடிகிறது. அப்படிப்பட்ட மிகச் சிறிய எண் எது?

முதலாவது, பகாக் காரணிகளாகப் பிரிக்கத் தெரிந்தால் அரை நிமிடம்: 24. இரண்டாவதில் 7-இன் நான்காம் அடுக்கு 2401 என்பது கண்ணில் பட்டால் போதும். நான்குக்கு ஒருமுறை கடைசி இலக்கங்கள் 01-க்குத் திரும்பும், 2026-ஐ நான்கால் வகுத்தால் மீதி 2, எனவே 49. மூன்றாவதை நீங்களே போட்டுப் பாருங்கள், விடையைக் கடைசியில் சொல்கிறேன்.

இங்கேதான் செண்டம் பழக்கம் காலை வாரும். பள்ளித் தேர்வில் எல்லாக் கேள்வியையும் தொட வேண்டும் என்று பழகிய பிள்ளை, பத்து நிமிடத்தில் மூன்றையும் தொட்டு மூன்றிலும் அரைகுறையாக நிற்கும். ஒன்றையும் இரண்டையும் போட்டு, இன்னொரு வழியில் சரிபார்த்து, மூன்றாவதை மதிக்காமல் விட்டுவிட்டு வருகிற பிள்ளைக்கு 3 புள்ளி. எதை விடுவது என்று தெரிவதும் இங்கே ஆட்டத்தின் பகுதி. முதல் வருடம் ஒவ்வொரு சுற்றிலும் முதல் கணக்கு தவறாமல் சரி என்று வந்தாலே கோச் உங்களைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவார்.

எந்தச் சுற்றுகளில் பெயர் கொடுப்பது என்பதைக் கோச்சோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒன்பதாம் வகுப்பில் டிரிகோனோமெட்ரி சுற்றில் போய் உட்காருவது வீரம் அல்ல. அணியில் யாருக்கும் பிடிக்காத ஒரு தலைப்பு இருக்கும், எங்கள் பள்ளியில் அது வடிவியல். அதைப் பிடித்துக்கொண்டால் சீக்கிரமே உங்களை விட்டால் ஆளில்லை என்று ஆகிவிடும்.

படி 5: மீட் நாள்

லீக் மீட் பெரும்பாலும் வாரநாள் மதியம். பள்ளி விட்டதும் பஸ்ஸில் ஏறி வேறொரு பள்ளிக்குப் போவீர்கள். கஃபெட்டீரியாவில் டோனட்டோ பீட்சாவோ இருக்கும், அதை நம்பிப் போகாதீர்கள். நான் மகளுக்குத் தயிர் சாதம் கட்டிக் கொடுத்து ஒருமுறை தூங்கி வழிந்தாள். அதற்குப் பிறகு வாழைப்பழமும் வேர்க்கடலையும்தான்.

கொண்டுபோக வேண்டியவை: சீவிய பென்சில் மூன்று, நல்ல அழிப்பான், கையில் கட்டும் சாதாரணக் கடிகாரம். போன் வெளியே எடுக்கக் கூடாது. கால்குலேட்டர் விதி லீக்குக்கு லீக் மாறும்.

திருத்தும் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். வழி தெரியாமல் போன புள்ளிகளைப் பற்றி வருத்தமில்லை. வழி தெரிந்து, விடையும் வந்து, தாளில் செத்துப்போன புள்ளிகள் நிறைய. மாணவர் 4 என்று எழுதியது 9 மாதிரி இருக்கும். 1-க்கும் 7-க்கும் வித்தியாசமே தெரியாது. விடைக் கட்டத்துக்குள் இரண்டு எண்கள், ஒன்றை அடித்த மாதிரியும் இருக்கும், அடிக்காத மாதிரியும் இருக்கும். பின்னத்தைச் சுருக்காமல் 6/8 என்று விட்டிருப்பார்கள். கேள்வி விட்டத்தைக் கேட்டிருக்கும், ஆரம் எழுதியிருக்கும். நாங்கள் மனது வைத்தாலும் புள்ளி கொடுக்க முடியாது, விதி அப்படி. அதனால் கடைசி ஒரு நிமிடம் என்று கண்காணிப்பாளர் குரல் கொடுத்ததும் புதிய கணக்கைத் தொடாதீர்கள். கேள்வியின் கடைசி வரியை மறுபடி படித்து, கட்டத்துக்குள் இருப்பது கேட்ட பொருள்தானா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் விடை சரி, தவறாகத் திருத்திவிட்டார்கள் என்று தோன்றினால் நேராக மேசைக்கு வராதீர்கள். கோச்சிடம் சொல்லுங்கள், அவர் எழுத்தில் முறையிடுவார். கேள்வியே தப்பாக அச்சாகி, மாணவர் முறையீட்டால் எல்லோருடைய தாளையும் மறுபடி திருத்திய மாலை ஒன்று எனக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது மணி எட்டு.

படி 6: ரிலே என்ற பைத்தியக்காரச் சுற்று

சில போட்டிகளில் ரிலே உண்டு. அதிகம் பேசப்படுவது வட்டார அணிகள் மோதும் ஏஆர்எம்எல் போட்டியின் ரிலே. அந்தப் போட்டியைப் பிள்ளைகள் "ஆர்மல்" என்பார்கள். மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும், பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் ஆளின் விடைதான் இரண்டாவது ஆளின் கணக்குக்குள் போக வேண்டிய எண். இரண்டாவது விடை மூன்றாவதுக்குள். கடைசி ஆளின் விடை மட்டும்தான் எண்ணிக்கையில் வரும். மூன்று நிமிடத்துக்குள் சரியாகக் கொடுத்தால் 5 புள்ளி, ஆறு நிமிடத்தில் என்றால் 3. வினாத்தாளில் அந்த எண்ணை டிஎன்ஒய்டபிள்யூஆர் என்று போட்டிருப்பார்கள், உங்களுக்கு வந்து சேரப்போகும் எண் என்று பொருள்.

ஓர் உதாரணம் கட்டிப் பார்ப்போம். முதல் ஆளுக்கு: 1 முதல் 100 வரை 6-ஆலும் 8-ஆலும் வகுபடும் எண்கள் எத்தனை? இரண்டாவது ஆளுக்கு: அடுத்தடுத்த மூன்று முழு எண்கள் ஒரு முக்கோணத்தின் பக்கங்கள், நடு எண் உங்களுக்கு வருவது. பரப்பளவு என்ன? மூன்றாவது ஆளுக்கு: உங்களுக்கு வரும் எண் அளவு பக்கங்கள் கொண்ட பலகோணத்தில் எத்தனை மூலைவிட்டங்கள்?

எண் வரட்டும் என்று பின்னால் இருக்கும் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் தோல்விதான். மூன்றாவது ஆள், ஒரு முனையிலிருந்து மூன்று முனைகளைத் தவிர மற்றவற்றுக்குக் கோடு போடலாம், எல்லாம் இருமுறை எண்ணப்படும், பாதியாக்கு என்று சூத்திரத்தை எழுதி வைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டாவது ஆளும் அப்படியே: நடு எண்ணின் வர்க்கத்தில் 4 கழி, மூன்றால் பெருக்கு, வர்க்கமூலம் எடு, நடு எண்ணின் கால் பங்கால் பெருக்கு. எண் வந்ததும் போட்டுத் தள்ள வேண்டியதுதான்.

முதல் ஆள் 24-இன் மடங்குகளை எண்ணி 4 என்று அனுப்புகிறார். இரண்டாவது ஆளுக்கு 3, 4, 5 முக்கோணம், பரப்பு 6. மூன்றாவது ஆளுக்கு அறுகோணம், 9 மூலைவிட்டம். கையை உயர்த்தலாம்.

இப்போது முதல் ஆள் அவசரத்தில் 6-ஐயும் 8-ஐயும் பெருக்கி 48-இன் மடங்குகளை எண்ணி 2 என்று அனுப்பினால்? இரண்டாவது ஆளுக்கு 1, 2, 3 என்று பக்கங்கள் வரும். அது முக்கோணமே இல்லை, தட்டையான கோடு. முன்னால் இருப்பவர் தப்பு பண்ணிவிட்டார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்ல முடியாது. முன்னால் இருப்பவர் தானாக மறுபடி சரிபார்த்துப் புதிய சீட்டு அனுப்பினால்தான் உண்டு. அதனால் எங்கள் கோச்சின் கட்டளை: முதல் ஆள் சீட்டை அனுப்பிய கையோடு பென்சிலைக் கீழே வைக்கக் கூடாது, அதே கணக்கை முதலிலிருந்து இன்னொரு வழியில் போட வேண்டும். ரிலே பயிற்சியை வீட்டிலும் செய்யலாம். நாங்கள் சாப்பாட்டு மேசையில் செய்வோம், முதல் இடத்தில் நான். பெரும்பாலும் இரண்டாவது சீட்டும் என்னிடமிருந்து போகும்.

படி 7: ஏஎம்சியும் அதற்கு மேலும்

1950-இல் நியூயார்க் வட்டாரத்தில் தொடங்கிய தேர்வு இன்று ஏஎம்சி என்ற பெயரில் நடக்கிறது. நவம்பரில் ஏ, பி என்று இரண்டு தேதி. ஏஎம்சி 10 பத்தாம் வகுப்பு வரை, ஏஎம்சி 12 பன்னிரண்டு வரை. 75 நிமிடம், 25 கேள்வி, ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கால்குலேட்டர் கிடையாது. பள்ளி மூலம்தான் பதிவு. உங்கள் பள்ளி நடத்தவில்லை என்றால் வெளி மாணவர்களை அனுமதிக்கும் பக்கத்துப் பள்ளியையோ கல்லூரியையோ செப்டம்பரிலேயே தேடுங்கள். நவம்பரில் தேடினால் கிடைக்காது.

சரியான விடைக்கு 6, எழுதாமல் விட்டால் 1.5, தவறுக்கு 0. கண்ணை மூடி ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது ஆறில் ஐந்திலொரு பங்கு, 1.2. விட்டுவிடுவதே லாபம். ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தால் 1.5, விட்டாலும் அடித்தாலும் ஒன்றுதான். இரண்டைத் தள்ள முடிந்தால் 2, தைரியமாக அடிக்கலாம். 16 சரி, 2 தவறு, 7 காலி என்று எழுதிய பெண்ணுக்கு 106.5. எல்லாவற்றையும் நிரப்பி 17 சரியாக்கிய பையனுக்கு 102. ஒரு கணக்கு அதிகம் போட்டும் அவன் பின்னால். ஃபுளோரிடாவின் மூ ஆல்ஃபா தீட்டா போட்டிகளில் கணக்கே வேறு: சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும், விட்டால் பூஜ்ஜியம். அங்கே கடைசி விடை "மேற்கண்ட எதுவும் இல்லை". நம் வாக்கு இயந்திரம் மாதிரியே அதற்கும் பெயர் நோட்டா.

ஏஎம்சியில் அந்த வருடத்து எல்லையைத் தாண்டினால் பிப்ரவரியில் அடுத்த கட்டத் தேர்வான ஏஐஎம்இ. மூன்று மணி நேரம், 15 கணக்கு, ஒவ்வொரு விடையும் 000 முதல் 999 வரை ஒரு முழு எண். ஊகத்துக்கு இடமே இல்லை. 15-இல் ஐந்து போட்டால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்து யூஎஸ்ஏஎம்ஓ அல்லது யூஎஸ்ஏஜேஎம்ஓ என்ற தேசிய ஒலிம்பியாட் தேர்வுக்கு அழைப்பார்கள். இரண்டு நாள், ஒன்பது மணி நேரம், ஆறே கணக்கு, முழு நிரூபணம் எழுத வேண்டும். அதற்கும் மேலே, சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்குப் போகும் ஆறு பேர் கொண்ட அமெரிக்க அணி. 1994-க்குப் பிறகு அந்த அணி மறுபடி முதலிடம் பிடிக்க 2015 வரை ஆனது. இந்த ஏணியில் கடைசிப் படி வரை ஏறாவிட்டால் நேரம் வீண் என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுப் பிள்ளைக்காக வருத்தப்படுங்கள்.

வெளியூர்ப் போட்டிகளும் உண்டு. ஹார்வர்டு, எம்ஐடி மாணவர்கள் நடத்தும் எச்எம்எம்டி நவம்பரிலும் பிப்ரவரியிலும். பிப்ரவரிப் போட்டி கடினம், முதலில் நவம்பருக்குப் போங்கள். அதன் கட்ஸ் ரவுண்டில் 80 நிமிடத்தில் 36 கணக்கு, சின்னச் சின்னக் கட்டாக வரும். ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் அடுத்ததை வாங்கி வர வேண்டும், மதிப்பெண் கண்ணெதிரே திரையில் ஏறும். ஏஆர்எம்எல் பள்ளி அளவில் அல்ல, பெரும்பாலும் வட்டார அளவில் 15 பேர் அணி, மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில். வட்டார அணித் தேர்வு எப்போது என்று குளிர்காலத்திலேயே கோச்சிடம் கேட்டு வையுங்கள்.

பெற்றோருக்கு

பெரிய போட்டிகள் சனி ஞாயிறில் வரும், அன்றைக்குத்தான் தமிழ்ப் பள்ளியும் பாட்டு வகுப்பும். செப்டம்பரில் சீசன் அட்டவணை கையில் வந்ததும் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் தேதிகளைச் சொல்லிவிடுங்கள். ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேடம் போட்ட பையன் அன்று காலை மீட்டில் இருந்தான் என்பதால் மந்திரியே இரண்டு வேடமும் போட்ட கதை எங்கள் ஊரில் உண்டு.

கல்லூரி விண்ணப்பத்துக்காக மட்டும் சேர்க்காதீர்கள். எம்ஐடி விண்ணப்பத்தில் ஏஎம்சி, ஏஐஎம்இ மதிப்பெண்ணை எழுத இடம் உண்டு என்பது சரிதான். ஆனால் அந்த இடத்தை நிரப்புவதற்காக மட்டும் வரும் பிள்ளைகள் டிசம்பர் பனியில் பிராக்டிஸுக்கு வருவதில்லை. தன்னார்வலராகப் போங்கள், கண்காணிக்க எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். காரில் திரும்பும்போது "எவ்வளவு?" என்பதற்குப் பதில் "எந்தக் கணக்கு நல்லா இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு நாற்பது நிமிடப் பயணம் போதாமல், கராஜில் காரை நிறுத்திய பிறகும் பேச்சு ஓடும்.

அப்புறம், அந்த மூன்று புள்ளிக் கணக்கு. 25 பூஜ்ஜியம் வேண்டும், ஒரு பூஜ்ஜியத்துக்கு ஓர் ஐந்து, ஐந்தின் மடங்குகள் 25 வேண்டும், எனவே 125 என்று எழுதியிருந்தால் நீங்கள் என் கட்சி. 25, 50, 75, 100 ஆகிய நான்கிலும் ஐந்து இரண்டு முறை ஒளிந்திருக்கிறது. அதனால் ஐந்தின் மடங்குகள் 21 இருந்தாலே போதும். விடை 105.